நாற்பதாயிரம்

நவம்பர் இருபத்தாறு.
ஹாமர்ஃபெஸ்டில் சூரியன் போன வாரமே
விடைபெற்றுப் போய்விட்டது.
காலை எட்டு மணி ஜன்னலில்
துறைமுக விளக்குகள் மட்டும்.

குன்வோர் ஹெட்டா, ஐம்பத்து மூன்று வயது,
பித்தப்பையில் கல்.
தொழில் என்ற கட்டத்தில்
'மீன் மயக்குநர்' என்று எழுதியிருந்தார்.
குறும்பு என்று நினைத்தேன்.

இல்லையாம்.
சால்மன் குஞ்சுகளை மருந்துத் தொட்டியில் விட்டு,
அவை ஒருக்களித்துச் சாய்ந்ததும்
வயிற்றில் தடுப்பூசி போடுகிற வரிசை.
அங்கே பன்னிரண்டு வருடம்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேரை மயக்குவீர்கள்?"
"நான்கு. சில நாள் ஐந்து."
"நான் நாற்பதாயிரம்,"
என்றார், பச்சைத் தொப்பிக்குள் முடியைத் திணித்தபடி,
பெரிய கடைக்காரர் பெட்டிக்கடையைப் பார்ப்பதுபோல.

"எல்லாம் விழித்துக்கொள்ளுமா?"
நான் கேட்டிருக்கக் கூடாது.
"ஏறக்குறைய."
அந்த ஏறக்குறையவை
இருவரும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

அவர் தொட்டியின் மருந்து
நரம்பின் சோடிய வாசலுக்கு உட்புறமாகப் போய்
குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்.
செய்தி கிளம்பிய இடத்திலேயே கிடக்கும்.

என் ஊசியில் இருப்பது பார்வைக்குப் பால்.
சோயா எண்ணெயில் கரைந்து
முட்டைக் கருவின் கொழுப்பில் வெளுத்த புரோபஃபால்.
ஏறும்போது எரியும் என்றேன்.
"வெட்டுக்காயத்தில் உப்புத்தண்ணீர்," என்றார்
உதட்டைக் கடித்துக்கொண்டு. மிகச் சரி.
வலியிடமிருந்து காப்பாற்ற வந்தது
வலித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது.

பிறகு அரை நிமிடம்.
கை, இதயம், நுரையீரல், மறுபடி இதயம், தலை.

பூட்டு, சாவி என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள்.
அப்படியில்லை.
சாவி அவருக்குள் பிறந்தது முதலே இருக்கிறது:
காபா, மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் 'போதும்'.
ஐந்து துண்டுகள் வளையமாய்க் கூடிய ஏற்பி
அது வந்து தொட்டால் திறக்கும்,
கண் சிமிட்டுமுன் மூடிக்கொள்ளும்.
புரோபஃபால் சாவித் துவாரத்தின் பக்கமே போவதில்லை.
சுவர்க் கொழுப்புக்குள் நுழைந்து
இரு துண்டுகள் சேரும் இடுக்கில்
தோளைக் கொடுத்து நிற்கிறது.
கதவு மூட வரும். மூடாது.
அந்தக் கூடுதல் நேரத்தில் உள்ளே வருகிறது குளோரைடு,
உப்பின் பாதி,
கூட்டாளி சோடியத்தை வாசலில் நிறுத்திவிட்டு.
வர வர நரம்பணு அமிழ்கிறது.
பேச நினைத்து, பேச முடியாமல்,
பிறகு நினைக்காமல்.

இன்னும் தள்ளினால் சாவியே வேண்டாம்,
கதவு தானாகத் திறந்துவிடும்.
அதனால்தான் என் கட்டைவிரல் இவ்வளவு மெதுவாக.

இதுவரைக்கும் சொல்வேன், தாளில் வரைந்தும் காட்டுவேன்.
எத்தனை கதவுகள் இப்படி நின்றுபோனால்
ஒரு குன்வோர் அந்த அறையில் இல்லாமல் போகிறார்
என்று கேட்டால்
மானிட்டரைப் பார்க்கத் தொடங்குவேன்.

*

"தொட்டித் தண்ணீர் எட்டு டிகிரிக்கு மேல்..."
என்று ஏதோ சொல்லவந்தார்.
இமையோரம் தொட்டேன். அசையவில்லை.
தாடையைத் தூக்கிப் பிடித்து
அவர் மூச்சை நான் விடத் தொடங்கினேன்.

எழுபது நிமிடம். ஏழு கற்கள்.
ஒன்று மிளகளவு, மற்றவை அதைவிடச் சிறியவை.

மருந்தை நிறுத்தியபின் யாரும் போய்
தோள்களை இழுத்து விலக்கவில்லை.
இரத்தம் வந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனது,
தசைக்கு, கொழுப்புக்கு, ஈரலுக்கு.
கதவுகள் பழைய வேகத்தில் மூடிக்கொண்டன.
முதலில் இருமல். பிறகு ஒரு புருவம்.

"எந்தப் பக்கம் சாய்ந்தேன்?"
"மல்லாந்துதான் படுத்திருந்தீர்கள்."
"மீன் மல்லாந்தால் மோசம்," என்றார் கவலையாக,
என்னை ஒருமுறை சந்தேகத்தோடு அளந்தார்.

ஜன்னலில் அதே இருட்டு, அதே விளக்குகள்.
நேரத்தை நம்பவைக்கக் கடிகாரத்தைத்தான் காட்டவேண்டியிருந்தது.

ஊசி ஏறிய கையை மெதுவாகத் தடவினார்.
அந்த எரிச்சல், உப்புத்தண்ணீர் என்றீர்களே, என்றேன்.

"எந்த எரிச்சல்?"